ஒரு புல்-அப் கூட வரவில்லை, துணியில் ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன், வங்கி வேலை. எடை 74 கிலோ. இரண்டு பிள்ளைகள், சின்னவன் சிசேரியன், அவனுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் ஏரியல் சில்க் அறிமுக வகுப்புக்குப் போனேன். மேலிருந்து தொங்கும் துணியைப் பிடித்து ஒருமுறைகூட என்னால் உடம்பைத் தூக்க முடியவில்லை. கூட வந்த கல்லூரிப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. மறுநாள் தலை வாரக் கை தூக்க முடியவில்லை. மூன்று வாரம் ஆகியும் வலது தோள் மட்டும் ராத்திரி அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது. எட்டு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். எடையைக் குறைத்து, கொஞ்சம் பலம் ஏற்றிக்கொண்டு அப்புறம் போகட்டுமா? அதுவரை வீட்டு ஊஞ்சல் கொக்கியில் துணி கட்டிப் பழகலாமா? “இந்த வயசுல சர்க்கஸா?” என்கிறார் கணவர். தாலி, மெட்டியைக் கழற்றச் சொல்கிறார்கள்; மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும், டாக்டர் மேடம்?

– வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். மேடம் எல்லாம் வேண்டாம்.

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, நடுவில் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது. “ராத்திரி அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது.” முதலில் அதைப் பார்த்துவிடலாம். சர்க்கஸும் மாமியாரும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பழக்கமில்லாத வேலை செய்தால் மறுநாள் உடம்பு வலிக்கும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு நாளில் இறங்கும், ஒரு வாரத்தில் போயே போய்விடும். இரண்டு கையிலும், முதுகிலும், அக்குளுக்குக் கீழேயும் பரவலாக இருக்கும். உங்களுக்குத் தலை வார முடியாமல் போனது அந்த வகை, அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து, ஒரே தோளில், அதுவும் படுத்தால் எழுப்புகிற வலி தசைவலி இல்லை. தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் என்னும் தசைகளின் நாண் உரசிப் புண்பட்டிருக்கலாம் என்பது என் சந்தேகம். கடிதத்தைப் படித்து நோயைச் சொல்ல முடியாது. இருந்தாலும் வீட்டிலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு.

கண்ணாடி முன் நின்று வலது கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கிக் காதுவரை கொண்டுபோங்கள். கை தோள் உயரத்தை நெருங்கும்போது சுருக்கென்று பிடித்து, அதைத் தாண்டி மேலே போனதும் வலி விட்டுவிட்டால் நான் சொன்ன நாண் உரசல்தான் பெரும்பாலும். அப்புறம், கையைப் பின்னால் கொண்டுபோய், பின்பக்கக் கொக்கி வைத்த ஜாக்கெட்டைப் போடுவதுபோல் செய்து பாருங்கள். நீங்களாகத் தூக்கினாலும் சரி, கணவர் பிடித்துத் தூக்கிவிட்டாலும் சரி, கை ஓர் அளவுக்குமேல் பூட்டுப் போட்டதுபோல் நிற்கிறதென்றால் அது வேறு கதை, ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரை, தைராய்டு இருப்பவர்களுக்கு அது அதிகம் வரும். சர்க்கரை பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

எது எப்படியிருந்தாலும் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ தோளை ஒருமுறை நேரில் காட்டுங்கள். நாண் உரசல் என்றால் சரியான பயிற்சியில் ஆறு வாரத்திலேயே நல்ல மாற்றம் தெரியும். அதுவரை துணியில் தொங்க வேண்டாம். தைலம் போட்டு யாரிடமாவது நீவிக்கொள்ளவும் வேண்டாம். தோளை நீவி நீவி வலியைத் தோளிலிருந்து கழுத்துவரை வளர்த்துக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

அந்தத் தோள் ஏன் வலித்தது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. துணியை உயரத்தில் எட்டிப் பிடித்திருப்பீர்கள். “தூக்குங்க, தூக்குங்க” என்று யாரோ உற்சாகப்படுத்தியிருப்பார்கள். உடம்பு எழும்பவில்லை. தோள் இரண்டும் காதை ஒட்டி ஏறி, கழுத்து உள்ளே புதைந்து, மொத்த எடையும் மூட்டில் தொங்கியிருக்கும். அந்த நிலையில் முழங்கையை மடக்கிக் கையால் இழுத்திருப்பீர்கள். ஏரியலில் முதல் பாடமே இதற்கு நேர் எதிர். துணியைப் பிடித்து, பாதம் தரையில் இருக்க, முழங்காலை லேசாக மடக்கி, முழங்கையை மடக்காமல், தோளை மட்டும் காதிலிருந்து கீழே இறக்க வேண்டும். கழுத்து நீளமாவதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் தோன்றும். பத்து எண்ணும்வரை அப்படியே நின்று, விட்டு, ஐந்து முறை. அக்குளுக்குக் கீழே முதுகின் பக்கவாட்டில் ஒரு தசை விழித்துக்கொள்வது தெரியும். உங்களைத் தூக்கப்போவது அந்த முதுகுத் தசைதான், கை வெறும் கொக்கி. வலி போன பிறகு, சிகிச்சை கொடுப்பவர் சரி என்றதும், முதலில் ஆரம்பிக்க வேண்டியது இதைத்தான்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. பலம் ஏற்றிக்கொண்டு, எடை குறைத்துக்கொண்டு அப்புறம் போகட்டுமா?

வேண்டாம். தோள் சரியானதும் போங்கள், இப்போது இருக்கும் உடம்போடு. “கொஞ்சம் ரெடியாகிவிட்டு வருகிறேன்” என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. முதல் நாளில் புல்-அப் எடுக்கிறவர்கள் மிகக் குறைவு. பெண்களில் இன்னும் குறைவு. அந்தக் கல்லூரிப் பெண்கள் சிரிக்காததற்குக் காரணம் நாகரிகம் மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? அவர்களுக்கும் வந்திருக்காது.

என் அனுபவத்தில், இந்தக் கலையில் அடிபட்டு என்னிடம் வருகிறவர்களில் பலம் இல்லாதவர்கள் குறைவு. மூன்றாவது, நான்காவது மாதத்தில் பலம் வந்துவிட்டது என்று வேகம் எடுத்தவர்கள்தான் அதிகம். தசை சில வாரங்களிலேயே தேறிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது தேற மாதக்கணக்கில் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் காயம் நடக்கிறது. இதை நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. 41 வயதில் எனக்கும் இந்த ஆசை வந்து ஒரு வகுப்பில் சேர்ந்தேன். நாலாம் மாதம் துணியில் ஏறி இறங்க வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் போதும் என்று என் நோயாளிகளுக்குச் சொல்கிற நான், வாரம் ஐந்து நாள் போனேன். ஒருநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் உள்பக்கம் சுண்டி இழுத்தது. கால்ஃப் எல்போ என்று அதற்குப் பெயர், கால்ஃப் மட்டையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஐந்து மாதம் துணியைத் தொடவில்லை. ஈரத் துணியைப் பிழியக்கூட வீட்டில் வேறு ஆள் தேடினேன். அதில் ஆசிரியர்மேல் எந்தத் தப்பும் இல்லை. இரண்டு முறை எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை.

அதனால் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, நடுவில் இரண்டு நாள் இடைவெளி. ஒரு வருடத்துக்கு இதைத் தாண்ட வேண்டாம். “மூணு மாசத்துல தலைகீழா நிப்பீங்க” என்று யாராவது வாக்குக் கொடுத்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஒன்றரை வருடம்.

முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பயம் பாதி குறையும். சில்க் என்று பெயர்தான், பட்டு கிடையாது, நைலான். நீளமான துணியை நடுவில் மடித்து மேலே மாட்டியிருப்பார்கள், இரண்டு வாலாகத் தொங்கும். புதியவர்களுக்கு அந்த இரண்டு வாலையும் முழங்கால் உயரத்தில் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தொட்டில்போல் ஆக்கிக் கொடுப்பார்கள். அதில் உட்கார்வது, நிற்பது, சாய்வது. அப்புறம் ஃபுட் லாக். துணியைக் காலில் சுற்றிப் பாதத்தின்மேல் எட்டுப்போல் குறுக்கே போட்டு, அதன்மேல் ஏறி நிற்பது. கை விட்டாலும் கால் நழுவாது. ஆனால் வலிக்கும், ஐயோ, நன்றாகவே வலிக்கும். மேல்பாதத்தின் மெல்லிய எலும்புகளின்மேல் உங்கள் 74 கிலோவும் ஒரு துணி மடிப்பில் நிற்கிறது என்றால் சும்மாவா? துணி கணுக்கால் எலும்பின்மேல் ஏறாமல் பாதத்தின் நடுவளைவில் பரந்து உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த வலி நாலைந்து வகுப்பில் பழகிவிடும். முழங்காலுக்குப் பின்னால் நீலம் பாரிக்கும், துணி வேகமாக உரசிய இடத்தில் தோல் சிவக்கும். இவையெல்லாம் கணக்கில் சேராது. மரத்துப்போவது, விரலில் எறும்பு ஊர்வது, மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது, இந்த மூன்றும் கணக்கில் சேரும். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

சிசேரியன் ஆகி நாலு வருடம் ஆகிவிட்டதால் தையலைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கின்றனவா என்று மட்டும் தோள் பார்ப்பவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது தொப்புளைச் சுற்றி இரண்டு விரலுக்குமேல் இடைவெளி இருந்தால், அதற்கான பயிற்சியைச் செய்துவிட்டுத் தலைகீழ் பாடங்களுக்குப் போகலாம். கட்டுப்படாத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், விழித்திரைப் பிரச்சினை, தலைசுற்றல், கர்ப்பம் இவற்றில் எதுவாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழாகத் தொங்கக்கூடாது. வகுப்பில் சேரும்போதே உங்களிடம் இதையெல்லாம் கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்த இடத்துக்கு என்னிடம் ஒரு மதிப்பெண் உண்டு.

எடை? துணியைப் பிடித்திருக்கும் கேரபைனர் வளையத்தில் எத்தனை கிலோ நியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்கும். 22 என்றால் ஏறக்குறைய 2,200 கிலோ. உங்கள் 74 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வளையம் மாட்டியிருக்கும் இடம்தான் எனக்கு விஷயம். அடுத்த முறை போகும்போது ஐந்து நிமிடம் தலையைத் தூக்கி மேலே பாருங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளில் ஸ்டூடியோ, கஃபே என்று நிறைய வந்துவிட்டன. பார்க்க அழகு. அந்த வீடுகள் பலவற்றின் கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். அந்த உத்தரம் கூரையைச் சுமக்கப் போட்டது, ஆடும் மனிதர்களைச் சுமக்க இல்லை. உள்ளே கரையான் தின்றிருந்தால் வெளியே வார்னிஷ் பளபளக்கும். ஷீட் கொட்டகை என்றாலும் இதே கேள்விதான். ஆள் சும்மா தொங்கும்போது அவர் எடைதான் மேலே இழுக்கும். சட்டென்று விழுந்து நிற்கும்போது அது பல மடங்கு ஆகிவிடும். “இது எதில் மாட்டியிருக்கு, எந்த இன்ஜினியர் பார்த்தார்?” என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்குவார்.

கடற்கரை ஊருக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காற்றுதான் அந்த வளையங்களிலும் படுகிறது. இரும்பென்றால் துருப்பிடிக்கும், அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடி பூக்கும். வளையத்தின் பூட்டு சுற்றும்போது கரகரக்கிறதென்றால் அதை மாற்றியிருக்க வேண்டும். துணியும் வெயில் படும் ஜன்னலோரம் வருடக்கணக்கில் தொங்கினால் நைலான் நைந்துபோகும். கீழே ஒரு சாண் கனத்துக்காவது மெத்தை இருக்க வேண்டும், யோகா பாய் போதாது. இன்னும் ஒன்று கேளுங்கள்: “நடுவில் சிக்கிக்கொண்டால் எப்படி இறங்குவது?” ஏறுவதற்கு முன்னால் இறங்கச் சொல்லிக் கொடுக்கும் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

இவ்வளவு படித்த பிறகு ஊஞ்சல் கொக்கி விஷயம் உங்களுக்கே புரிந்திருக்கும். வீட்டில் வேண்டவே வேண்டாம். கான்கிரீட்டுக்குள் அந்தக் கம்பி எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நம் பக்கத்து வீடுகளில் தளம் வெடித்துக் கம்பி உப்பி வெளியே தெரிவது புதிதா? ஊஞ்சல் நான்கு சங்கிலியில் எடையைப் பிரித்துக்கொள்கிறது, துணி எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் இறக்குகிறது. ஃபேன் கொக்கியைப் பற்றிப் பேச்சே கிடையாது. துணியில் சிக்கிக்கொண்டால் அவிழ்த்துவிட ஆளும் இருக்காது, பார்த்துக்கொண்டிருக்கும் நாலு வயசுப் பையன் மறுநாள் அவனே ஏறிப் பார்ப்பான். தோள் சரியான பிறகு வீட்டில் கைப்பிடிப் பலத்துக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் பெட்ஷீட்டை நனைத்துப் பிழியுங்கள். இல்லையென்றால் கைக்கு ஒன்றாக ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

தாலி, மெட்டி விஷயத்தில் ஸ்டூடியோக்காரர்கள் சொன்னது சரி. மெட்டி துணியைக் கிழிக்கும், துணியோடு சேர்த்து விரலையும். கழுத்தில் கிடப்பது சங்கிலியானாலும் மஞ்சள் கயிறானாலும் தலைகீழாகும்போது துணி மடிப்பில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். உள்ளே சொருகி ஊக்கு குத்திக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள், ஊக்கு இன்னும் ஆபத்து. மாமியாரிடம் வாதாட வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால் எல்லோரும் கழற்றித்தானே கொடுக்கிறோம், அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு மணி நேரம் சுருக்குப் பையில் போட்டு வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை அவரையே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. என் அம்மா அப்படித்தான் வந்தார். வந்தவர் தாலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, “இந்தத் துணியை எப்பத் துவைப்பாங்க?” என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. உடைக்கு, முழங்காலின் பின்பக்கத்தை மூடும் லெகிங்ஸ், உள்ளே சொருகிய டி-ஷர்ட். ஜிப், பட்டன், சம்கி எதுவும் வேண்டாம்.

கணவர் சர்க்கஸ் என்கிறார். சர்க்கஸ்தான், அதில் என்ன குறைச்சல்? ஜூல் லியோத்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1859இல் பாரிஸில் ஒரு ட்ரபீஸிலிருந்து, அதாவது இரண்டு கயிற்றில் தொங்கி ஆடும் கட்டையிலிருந்து, இன்னொன்றுக்குப் பறந்து காட்டினார். ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் இன்றைக்குப் போடும் லியோடார்ட் உடைக்கு அவர் பெயர்தான். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பிள்ளைகள் மல்லர் கம்பம் பழகுகிறார்கள். கம்பத்தில் ஒரு வகை, தொங்கும் கயிற்றில் இன்னொரு வகை. கயிற்றைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பிடித்து ஏறி, இடுப்பில் சுற்றி, கையை விட்டு நிற்கும் பெண் குழந்தையைப் பார்த்தால், நீங்கள் புதுச்சேரியில் பார்த்ததற்கு அது அக்கா முறை என்று அவருக்கே தெரியும்.

வண்டியைப் பற்றி ஒன்று. கடலூரிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவதாக நினைத்திருந்தால், முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். வகுப்பு முடியும்போது முன்கை செத்துப்போயிருக்கும், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வராது. அந்தக் கையோடு அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலில் பிரேக் பிடிப்பது துணியில் தொங்குவதைவிட ஆபத்து. பஸ்ஸில் போங்கள், ஆல்பேட்டை வருவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்த்து வழுக்கும். வயலின் வில்லில் தேய்க்கும் ரோசினைப் பொடியாக வைத்திருப்பார்கள், ஒரு சிட்டிகை போதும்.

கட்டிய பணத்தை நினைத்து அவசரப்பட வேண்டாம். நாளைக்கே ஸ்டூடியோவுக்குப் போன் செய்து, தோளில் வலி இருக்கிறது, எட்டு வகுப்பையும் ஆறு வாரம் தள்ளி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சரி என்றால் தேதியைக் குறித்துக்கொண்டு, மறுநாள் தோளைக் காட்டப் போய்விடுங்கள். “அதெல்லாம் தொங்கத் தொங்கச் சரியாயிடும், வாங்க” என்று சொன்னால், பணம் போனால் போகட்டும், வேறு இடம் பாருங்கள்.